வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒரு தரவுத்தளம்: சிட்டையிலிருந்து அட்டவணைக்கு

என் மாமா கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார். அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, ஜாரணி, வாளி, பந்தி மேசை, நாற்காலி, ஜமுக்காளம் என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். கணக்கு முழுவதும் நீளவாக்கில் தைத்த சிட்டை நோட்டுகளில், ஒரு விசேஷத்தின் வாடகைக்கு ஒரு சிட்டை என்று, இருந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதம், கல்யாணங்கள் இல்லாமல் கடை ஓய்ந்திருந்த நேரத்தில், இதைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானே வலியச் சொன்னேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே முடித்தும் கொடுத்தேன். இரண்டாவது முகூர்த்தத்தன்று மாமா கணினியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பழையபடி நோட்டை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஐப்பசி வரை உட்கார்ந்து, வடிவமைப்பை முதலிலிருந்து மறுபடி செய்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வடிவமைப்பு ஒரே மாலையில் தயாரானது. வாடிக்கையாளர், பொருள், வாடகை என்று மூன்று அட்டவணைகள். பீட்டர் சென் 1976இல் முன்வைத்த உருபொருள்–உறவு வரைபடத்தைக் கல்லூரியில் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: காதில் விழும் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஒரு கட்டம் வரைந்து, கட்டங்களுக்கு இடையே கோடு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அந்த முறையில் குற்றமில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் நான் கட்டம் போட்டதுதான் குற்றம். பொருள் அட்டவணையில் 'இருப்பு' என்று ஒரு புலம், அதாவது ஒரு நெடுவரிசை, வைத்திருந்தேன். சரக்கு வெளியே போனால் அந்த எண் குறையும், திரும்பி வந்தால் கூடும். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்த இரண்டாவது முகூர்த்தத்தன்று காலை தொலைபேசியில் ஒருவர், வரும் ஐப்பசி முகூர்த்தத்துக்கு நூறு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். மாமா திரையைப் பார்த்தார். அதில் அன்றைய தேதியில் குடோனில் மீதி நின்ற நாற்காலிகளின் எண்ணிக்கை இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “குடோன்ல இப்ப எத்தனை இருக்குன்னு எனக்குத் திரும்பிப் பாத்தாலே தெரியும். அன்னைக்கு எத்தனை இருக்கும்னுதான் எனக்குத் தெரியணும்.” நான் செய்து கொடுத்த நிரல், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மட்டும் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுவாரம் ஆறு நாள் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கணினியைத் திறக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும், அவர்கள் கேட்ட சொற்களிலேயே, கேட்டவர் யார், பதில் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு குறிப்புகளோடு எழுதி வைத்தேன். 'என்ன வசதிகள் வேண்டும்?' என்று நான் கேட்டிருந்தால் மாமா, “எல்லாம் வேணும்” என்று சொல்லியிருப்பார். அத்தை, “ஒண்ணும் வேணாம்” என்று சொல்லியிருப்பார். அதனால் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கடையில் தினமும் எழும் கேள்விகளுக்கு நோட்டு எப்படிப் பதில் சொல்கிறது, எங்கே திணறுகிறது என்று மட்டும் பார்த்தேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்த பிறகு சுமார் இருபது கேள்விகள் மிஞ்சின.

அவற்றைக் கேட்டவர்கள் நான்கு வகையினர். மாமா கேட்பது வரப்போகும் நாட்களைப் பற்றி. அத்தை கேட்பது பாக்கியைப் பற்றி. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, சிவப்பு மையில் சுழித்தவற்றை எண்ணி, ஆளனுப்பி வசூல் செய்வது அவருடைய பொறுப்பு. சமையல் மாஸ்டர்கள் பொருளின் பெயரையே சொல்வதில்லை. “ஐந்நூறு இலைக்குப் போடுங்க” என்பார்கள், அதை அண்டா எத்தனை, வாளி எத்தனை என்று மாமா மனதுக்குள் பிரித்துக்கொள்வார். நான்காமவர் குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இதுல எத்தனை போச்சு, எத்தனை வரணும்?”

அந்த அண்ணன் வேலை செய்வதை அருகில் இருந்து பார்த்த ஒரு மதியம் என் வடிவமைப்பில் பாதியை மாற்றியது. குட்டியானை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. பாத்திரங்களை இறக்கும்போதே அவர் எண்ணத் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் சிமெண்ட் தரையில் வகைவகையாகக் கவிழ்த்து வைத்த பிறகு, சுவரில் சுண்ணக்கட்டியால் நான்கு நெடுங்கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகக் கீறினார். ஜாரணிகள் ஒரு கம்பியில் கோத்து வந்தன. கம்பியை அவிழ்க்காமல் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். வாளி இருபது போனது, பதினெட்டு வந்தது. ஒரு தவலையைத் திருப்பிப் பார்த்துத் தனியாக ஒதுக்கினார். அதன் கழுத்தில் வெட்டியிருந்த பெயர் நம்முடையதல்ல, வேறொரு கடையினுடையது. கல்யாண மண்டபத்தில் இரண்டு கடைப் பாத்திரங்களும் ஒரே தொட்டியில் கழுவப்பட்டதால் மாறி வந்திருந்தது. “நம்மளது அங்க இருக்கும் தம்பி, அடுத்த நடையில மாத்திக்கலாம்” என்றார். நசுங்கிய டவரா மூன்றைப் பழுதுக்கென்று தனியே வைத்தார். ஆக, 'திரும்பி வந்தது' என்று நான் ஒரே ஒரு தேதிப் புலத்தில் அடக்கியிருந்த நிகழ்வு, உண்மையில் வந்தது, வராதது, மாறி வந்தது, நசுங்கி வந்தது என்று நான்காகப் பிரிந்து நின்றது. அதுவும் ஒரே நாளில் முடிவதில்லை. மீதி இரண்டு வாளி நான்கு நாள் கழித்து ஒரு சைக்கிள் கேரியரில் வந்து சேர்ந்தன.

நோட்டின் ஓரங்கள் எனக்கு இன்னொரு பாடப்புத்தகம். கட்டத்துக்குள் எழுதியவை எல்லோருக்கும் பொதுவானவை. கட்டத்துக்குள் அடங்காதவைதான் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. 'கோவில் காரியம், பாதி வாடகை', 'மழையால் ஒரு நாள் தள்ளி', 'மேசை பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தது', 'அட்வான்ஸை அடுத்த சிட்டைக்கு வைத்துக்கொள்ளவும்'. முந்தைய தை மாதத்தின் சிட்டைகளை மட்டும் எடுத்து, நிரல் எதுவும் எழுதாமல், ஒரு விரிதாளில் புதிய அட்டவணைகளின் வடிவில் கையாலேயே உள்ளிட்டுப் பார்த்தேன். அறுபத்து மூன்று சிட்டைகளில் பதினொன்று எந்த வரியிலும் உட்கார மறுத்தன. அந்தப் பதினொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வடிவமைப்பைத் திருத்துவது, காகிதத்தில் கட்டம் வரைவதைவிட எவ்வளவோ பயனுள்ளதாக இருந்தது. மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு இரண்டே சிட்டைகள் வெளியே நின்றன.

திருத்திய வடிவில் 'இருப்பு' என்ற புலமே இல்லை. அதற்குப் பதிலாக 'நடமாட்டம்' என்று ஓர் அட்டவணை வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு தேதி, ஒரு சிட்டை எண், ஒரு பொருள், ஓர் எண்ணிக்கை, ஒரு வகை. போனது, வந்தது, தொலைந்தது, நசுங்கியது, பழுது முடிந்து வந்தது, வேறு கடையிலிருந்து வாங்கியது, அவர்களுக்குத் திருப்பியது, ஈயம் பூசப் போனது என்று வகைகள் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டே போயின. எழுதிய வரியை யாரும் திருத்துவதில்லை. தவறாக எழுதினால் அதை நேர்செய்ய இன்னொரு வரி. பேரேட்டில் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவருவதைத்தான் நான் இவ்வளவு சுற்றி வந்து கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ளச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது. வாளி இருபது போய்ப் பதினெட்டும் இரண்டுமாக வந்தால் அது மூன்று வரி. அண்ணனின் கேள்விக்கு அந்த மூன்று வரிகளின் கூட்டல் கழித்தலே பதில்.

மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்வது இதைவிடக் கடினமாக இருந்தது. கேட்ட நாட்களோடு மோதும் சிட்டைகளை எல்லாம் கண்டுபிடித்து, அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்தால் போதும் என்றுதான் முதலில் எழுதினேன். நாற்காலி மொத்தம் 300. ஒரு சிட்டை 28ஆம் தேதி முதல் 30 வரை 120 நாற்காலி. இரண்டாவது 29 மட்டும் 60. மூன்றாவது 30, 31 இரண்டு நாளும் 100. இப்போது ஒருவர் 29, 30 ஆகிய இரண்டு நாளுக்கு 75 நாற்காலி கேட்கிறார். மூன்று சிட்டைகளுமே அந்த நாட்களோடு மோதுகின்றன, கூட்டினால் 280, மீதி 20 என்று என் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் கட்டளை, சொன்னது. மாமா நோட்டைப் பார்த்துவிட்டு, “குடுக்கலாமே” என்றார். அவர் சொன்னதுதான் சரி. 29ஆம் தேதி வெளியே இருப்பது 120ம் 60ம் சேர்ந்து 180. 30ஆம் தேதி 120ம் 100ம் சேர்ந்து 220. இரண்டாவது சிட்டையும் மூன்றாவது சிட்டையும் ஒரே நாளில் வெளியே இருப்பதே இல்லை. இருப்பதிலேயே நெருக்கடியான நாள் 30; அன்று மீதி 80. எழுபத்தைந்து தாராளமாகக் கொடுக்கலாம். என் வினவலை நம்பியிருந்தால் ஒரு நல்ல வாடிக்கையாளரை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பியிருப்போம்.

ஆகவே நாள்வாரியாகத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ண, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி உள்ள அட்டவணை ஒன்று வேண்டும். அது ஏற்கெனவே என்னிடம் இருந்தது, முற்றிலும் வேறொரு காரணத்துக்காக. கடைக்கு வருகிறவர்கள் 'தை 12', 'ஆவணி கடைசி முகூர்த்தம்' என்றுதான் நாளைச் சொல்வார்கள். மாமா சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் மேலே புரட்டி ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடிப்பார். தமிழ் மாதத்தின் நீளம் 29 முதல் 32 நாள் வரை மாறுவதாலும், வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில வேளை வேறுபாடு வருவதாலும், தமிழ்த் தேதியைச் சூத்திரம் போட்டுக் கணக்கிடும் ஆசையை விட்டுவிட்டு, கடையில் புழங்கும் காலண்டரைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை 365 வரிகளை உள்ளிட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், தமிழ் நாள், முகூர்த்தமா இல்லையா. 'நாட்கள்' என்ற இந்த அட்டவணையோடு சிட்டைகளை இணைத்து, ஒவ்வொரு நாளுக்கும் வெளியே இருக்கும் எண்ணிக்கையைக் கூட்டி, கேட்ட நாட்களில் மிக அதிகமானதை எடுத்து மொத்தத்திலிருந்து கழித்தால் மாமாவின் விடை கிடைத்துவிடுகிறது. தேதியைத் தமிழில் காட்டுவதற்கென்று செய்த ஏற்பாடு, கடையின் மிக முக்கியமான கேள்விக்கும் பதிலானது.

அதிலும் ஒரு நுணுக்கம் பாக்கி இருந்தது. 30ஆம் தேதி காலை வரும் நாற்காலி அன்று மாலையே அடுத்த வீட்டுக்குப் போகலாம். அண்டா அப்படிப் போக முடியாது. அடி பிடித்ததைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க ஒரு நாள் ஆகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் ஓர் அண்டாவை ஏற்ற மறுத்து மாமாவோடு வாக்குவாதம் செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பொருள் அட்டவணையில் 'இடைநாள்' என்று ஒரு புலம் சேர்ந்தது: நாற்காலிக்கு 0, அண்டாவுக்கு 1. தவணை கடந்தும் வராத சாமான்களை என்ன செய்வது என்று மாமாவைக் கேட்டேன். “வராதது வந்தாத்தான் கணக்கு” என்றார். சிட்டையில் எந்தத் தேதி போட்டிருந்தாலும், வந்ததாகவோ தொலைந்ததாகவோ நடமாட்டத்தில் எழுதும் வரை அது வெளியே இருப்பதாகவே வினவல் எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி எண் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயர் வெட்டும் இடத்திலேயே எண்ணையும் வெட்டிவிடலாம், பட்டைக்குறி ஒட்டலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. பிறகு கேள்விப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'எந்த அண்டா?' என்று அந்த ஆறு நாளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பித்தளை அண்டாக்களுக்கு ஈயம் பூசியது எப்போது என்ற கேள்வி ஒன்று மட்டும் இருந்தது. அவையும் மொத்தமாகப் போய் மொத்தமாகத்தான் வருகின்றன. எண் போடும் திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது.

வாடகைத் தொகை விஷயத்தில் எனக்கும் மாமாவுக்கும் உண்மையாகவே கருத்து வேறுபாடு வந்தது. பொருளின் விகிதம் பொருள் அட்டவணையில் இருக்கும்போது அதையே சிட்டையிலும் எழுதுவது, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியை எட்கார் காட் 1970இல் முன்வைத்த காலம் தொட்டு வகுப்பில் கண்டிக்கப்படும் காரியம். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் தையில் பேசி முன்பணம் வாங்கியவரிடம், சித்திரையில் ஏற்றிய விகிதத்தைக் கேட்க முடியாது. சற்று யோசித்தால், 'நாற்காலியின் இன்றைய விகிதம்' ஒரு செய்தி. 'இந்தச் சிட்டைக்கு அன்று ஒப்புக்கொண்ட விகிதம்' வேறொரு செய்தி. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். அதோடும் முடியவில்லை. கூட்டி வரும் தொகை 8,340 ரூபாய் என்றால் மாமா, “எட்டாயிரம் குடுங்க” என்பார். தள்ளுபடிக்கு விழுக்காட்டுப் புலம் ஒன்றை நான் வைத்தேன். அவர் ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. இப்போது சிட்டையில் 'பேசிய தொகை' என்று ஒரு புலம் இருக்கிறது. அத்தையின் பாக்கிக் கணக்கு அதிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. கூட்டி வந்த தொகை பக்கத்தில் சிறிய எழுத்தில் வெறுமனே தெரியும். காசு கணக்கு இந்தக் கடையில் இல்லை என்பதால் எல்லாம் முழு ரூபாய், முழு எண்.

வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எண்ணையே முதன்மைச் சாவியாக, அதாவது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக, வைத்திருந்ததும் தவறு. பெண் வீட்டார் பேச, மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுக்க, சமையல் மாஸ்டர் சாமானை எடுத்துப் போகிறார். மூவருக்கும் மூன்று எண்கள். கடையில் யாரும் பெயரைச் சொல்லியும் தேடுவதில்லை. 'மேலத்தெரு, மில் வீட்டுக் கல்யாணம்' என்பதுதான் அடையாளம். எனவே சிட்டைக்கு ஒரு வரிசை எண்ணும், 'விசேஷம்', 'இடம்' என்ற இரு புலங்களும் வைத்து, ஆட்களைத் தனி அட்டவணையில் போட்டு, ஒரு சிட்டையோடு எத்தனை பேரை வேண்டுமானாலும் என்ன பொறுப்பில் என்ற குறிப்போடு இணைக்கலாம் என்று மாற்றினேன்.

கருவியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரே கணினி, ஒரே நேரத்தில் ஒருவர் என்பதால் எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தள மென்பொருளே போதும். முழுத் தரவும் ஒரே கோப்பில் இருப்பதால், வேலை நேரம் முடிந்து நிரலை மூடிய பிறகு அத்தை அதைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்கிறார். இரண்டு இடங்களில் கால் இடறியது. அதில் அயல் சாவிக் கட்டுப்பாடுகளை, அதாவது ஓர் அட்டவணையின் வரி சுட்டும் வரி மற்ற அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதிகளை, எழுதினால் மட்டும் போதாது. இயல்பாக அவை செயல்படுவதில்லை, ஒவ்வொரு இணைப்பிலும் தனியாக முடுக்க வேண்டும். சோதனைக்காக ஒரு சிட்டையை அழித்தபோது அதன் நடமாட்ட வரிகள் அநாதையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது. இன்னொன்று, முழு எண் என்று அறிவித்த புலத்தில் அத்தை '12 டஜன்' என்று தட்டியதை அது முணுமுணுக்காமல் எழுத்தாகவே ஏற்றுக்கொண்டது. 2021இல் வந்த கண்டிப்பான அட்டவணை வசதியைப் பயன்படுத்தியதும் அது மறுக்கத் தொடங்கியது. ஆனால் டம்ளரை டஜனில் எண்ணுவது அத்தையின் தவறல்ல. உள்ளிடும் இடத்தில் டஜன், உதிரி என்று இரண்டு கட்டங்கள் கொடுத்து, உள்ளே உருப்படிக் கணக்காக மாற்றிச் சேமிக்கிறேன்.

தமிழில் தேடுவதிலும் ஒரு சங்கடம் வந்தது. 'கொப்பரை' என்று தேடினால் சில வரிகள் மட்டும் வந்தன. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில், 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஒப்பிடும் நிரலுக்கு வேறுவேறு. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பிறகே சேமிப்பது என்று வைத்ததும் சரியானது. அகரவரிசைக்கு இதைவிட அதிகம் மெனக்கெட்டேன். யூனிகோடு எண் வரிசையில் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிடும். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நிற்கும். இரண்டு நாள் செலவழித்து முறையான வரிசையைக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணன், “நாற்காலி ஏன் தம்பி நடுவுல வருது? அது வாசப்பக்கமில்ல இருக்கு” என்றார். குடோனில் பொருள் அடுக்கியிருக்கும் வரிசைதான் அவருக்கு வரிசை. பொருள் அட்டவணையில் 'அடுக்கு எண்' என்று ஒரு புலத்தைச் சேர்த்தேன். அகரவரிசைக்கு எழுதிய நிரலை அழிக்க மனம் வராமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்திலிருந்து இது ஓடுகிறது. உள்ளிடும் திரையின் அமைப்பு சிட்டை நோட்டின் பக்கத்தைப் போலவே இருக்கிறது. பொருள்கள் குடோன் வரிசையில், ஓரத்தில் அகலமான ஒரு குறிப்புக் கட்டத்தோடு. அந்தக் கட்டத்தில் விழுபவற்றை மாதம் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். ஒரே வகைக் குறிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு புலம் தேவைப்படுகிறது என்று பொருள். 'அட்வான்ஸை அடுத்த சிட்டைக்கு வைத்துக்கொள்ளவும்' அப்படித்தான் மூன்று முறை வந்து, பணத்துக்கென்று தனி நடமாட்ட அட்டவணையைப் பெற்றுக்கொண்டது. ஐந்நூறு இலைக்கு என்னென்ன வேண்டும் என்பதை மட்டும் இன்னும் அட்டவணையாக்க முடியவில்லை. மாமா ஒவ்வொரு முறையும், “மாஸ்டர் யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணிக்கையைச் சொல்கிறார். சுவரில் சுண்ணக்கட்டிக் கீறல்களும் தொடர்கின்றன. அண்ணன் எண்ணி முடித்த பிறகு அத்தை வந்து சுவரைப் பார்த்து உள்ளிடுகிறார், பிறகு அவரே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்.